குவில்ட் தைக்க ஆசை, ஆனா டிசைனும் கலரும் எங்க இருந்து எடுக்கறது? பெங்களூர்ல புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

குவில்ட், அதாவது துணித்துண்டுங்களைச் சேர்த்து உள்ள பஞ்சு வெச்சுத் தைக்கற போர்வை, அதை ஆரம்பிக்கறவங்ககிட்ட மிஷின் இருக்கு, பழைய துணி ஒரு மூட்டை இருக்கு, கால் இன்ச் தையல் விட்டு நேரா தைக்கவும் வந்துடுச்சு, ஆனா என்ன டிசைன் போடறது, எந்தக் கலர் கூட எந்தக் கலர் சேர்க்கறதுன்னு கேட்டா முழிக்கறாங்க. உடனே போனை எடுத்து பின்ட்ரெஸ்ட்ல தேட ஆரம்பிப்பாங்க, ராத்திரி பன்னெண்டு மணிக்கு நூறு படம் சேவ் ஆகியிருக்கும், காலைல பாத்தா ஒண்ணு கூட நம்மகிட்ட இருக்கற துணில வராது. அதுல பாதி படத்துல இருக்கற துணி இங்க கிடைக்கவும் கிடைக்காது. நான் சொல்றது என்னன்னா, தேடறதை ஒரு மாசம் நிறுத்திட்டு நம்ம வீட்டு பீரோவையும் வாசலையும் இந்த ஊரையும் கொஞ்சம் உத்துப் பாருங்க, அதுக்கு அப்புறம் எது வெளுப்பு எது அடர்த்தின்னு பிரிக்கக் கத்துக்கங்க, கலர் செலக்ஷன் கடைசியா வரட்டும். இந்த வரிசை முக்கியம், ஏன்னா புதுசா வரவங்க எல்லாரும் தலைகீழா கலர்ல ஆரம்பிக்கறாங்க.

முதல் வேலை, ஒரு சின்ன நோட்டு, கட்டம் போட்டது. ஸ்கூல் பசங்க கணக்கு நோட்டு போதும், பெருசா எதுவும் வாங்க வேணாம். ஊருக்குள்ள நடக்கும்போது கண்ணுல படற வடிவத்தை போட்டோ எடுங்க, வீட்டுக்கு வந்ததும் அதை நோட்டுல கட்டத்துக்குள்ள அடைச்சுப் பாருங்க. போட்டோ எடுக்கறதோட நிறுத்திட்டா அதுவும் இன்னொரு பின்ட்ரெஸ்ட் தான். கட்டத்துக்குள்ள கொண்டு வந்தா தான் அது குவில்ட் ஆகும்.

எங்க பாக்கறதுன்னு கேட்டா, பெங்களூர்ல இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க. பசவனகுடி, மல்லேஸ்வரம், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் இன்னும் இடிக்காம நிக்கற பழைய பங்களாங்கள்ல ஜன்னலுக்கு மேல, போர்ட்டிகோவுக்கு மேல மரச்சட்டம் அடிச்சு கூரான தொப்பி மாதிரி இருக்கும், மங்கி டாப்னு சொல்வாங்க. அந்த நீட்டு நீட்டு மரப்பட்டையும் மேல முக்கோணமும் சேர்ந்தா அப்படியே ஒரு பிளாக், அதாவது குவில்ட்ல திரும்பத் திரும்ப வர ஒரு சதுரம். லால்பாக் கண்ணாடி மாளிகை 1889ல கட்ட ஆரம்பிச்சது, அங்க ஜனவரி, ஆகஸ்ட் ஃப்ளவர் ஷோவுக்குப் போறவங்க எல்லாரும் பூவை மட்டும் பாத்துட்டு வந்துடறாங்க, தலையை நிமிர்த்தி அந்த இரும்பு வளைவுக்கு நடுவுல கண்ணாடி எப்படிப் பிரிச்சிருக்காங்கன்னு பாருங்க. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் தூண், பழைய வீட்டு மொசைக் தரை, ஜன்னல் கிரில், மெட்ரோ ஸ்டேஷன் தரைல போட்டிருக்கற கல்லு, எல்லாமே கட்டம் தான். ஊர்ல செட்டிநாட்டுப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா ஆத்தங்குடி தரையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ஒரே ஒரு கல்லு, அதைத் திருப்பித் திருப்பி வெச்சு முழு ஹாலையும் நிரப்பியிருப்பாங்க. குவில்ட்ல நாம பண்றதும் அதே வேலை.

இது எல்லாத்துக்கும் மேல கோலம். இதை ஏன் யாரும் பெருசா எடுத்துக்க மாட்டேங்கறாங்கன்னு எனக்குப் புரியல. நேர் புள்ளிக் கோலம் சதுரக் கட்டத்துல உக்காரும், ஊடு புள்ளி, அதாவது நடுவுல ஏழு ரெண்டு பக்கமும் குறைஞ்சு நாலுல முடியற மாதிரி வைக்கறது, அது அறுகோணத்துல உக்காரும். அறுகோணத் துண்டை கைலயே தைச்சுச் சேர்க்கற குவில்ட் வகை உலகம் பூரா பிரபலம், ஆனா ஆரம்பத்துல அதைத் தொடாதீங்க, பொறுமை போயிடும். சிக்குக் கோலமும் இப்ப வேணாம், அது வளைஞ்சு வளைஞ்சு போகும், துணில கொண்டு வரணும்னா கிராஸ் பட்டி, அதாவது துணியை மூலைவாட்டுல வெட்டின பட்டி, மேல வெச்சுத் தைக்கணும். படிக்கோலமும் நேர் கோட்டுல வரைஞ்ச நட்சத்திரக் கோலமும் தான் ஆரம்பிக்கறவங்களுக்குச் சரி.

எப்படி மாத்தறதுன்னு சொல்றேன், இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. நோட்டுல நாலுக்கு நாலு பதினாறு கட்டம் எடுத்துக்கங்க. உங்க கோலத்துலயோ ஜன்னல் கிரில்லயோ இருக்கற கோட்டை அதுல போடுங்க, ஆனா ஒரே ஒரு ரூல்: ஒவ்வொரு கட்டமும் ஒண்ணு முழுசா இருக்கணும், இல்ல மூலைக்கு மூலை கோடு போட்டு ரெண்டு முக்கோணமா இருக்கணும், வேற எதுவும் கூடாது. வளைவு வந்தா அதை முக்கோணமா மாத்திடுங்க. இப்ப பென்சிலால மட்டும் மூணு விதமா ஷேட் பண்ணுங்க, நல்லா அழுத்தி ஒண்ணு, லேசா ஒண்ணு, வெள்ளையா விட்டது ஒண்ணு. கலர் பென்சிலைத் தொடவே கூடாது. வரைஞ்சு முடிச்சதும் அந்தப் பக்கத்தை எடுத்துட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய் பதினாறு காப்பி எடுத்து, ஒவ்வொண்ணுலயும் அந்த நாலுக்கு நாலு சதுரத்தை முழுசா வெட்டி, டைனிங் டேபிள்ல பரப்புங்க. எல்லாத்தையும் ஒரே பக்கமா வைங்க, அப்புறம் ஒண்ணு விட்டு ஒண்ணு திருப்புங்க, அப்புறம் நாலு நாலா அடர்த்தி பக்கம் நடுவுல சேர்ற மாதிரி வைங்க. ஒவ்வொரு தடவையும் வேற டிசைன் கிடைக்கும், ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. சில சமயம் நீங்க வரையாத ஒரு வைரமோ காத்தாடியோ ரெண்டு பிளாக் சேர்ற இடத்துல தானா வந்து நிக்கும், அதைப் பாக்கறப்போ வர குஷி இருக்கே, அதுக்காகவே இந்த ஜெராக்ஸ் வேலையை ஸ்கிப் பண்ணாதீங்க.

அமெரிக்கால ரொம்பப் பழைய பேட்டர்ன் ஒண்ணு இருக்கு, லாக் கேபின்னு பேரு. நடுவுல ஒரு சின்ன சதுரம், பெரும்பாலும் சிவப்பு வைப்பாங்க, அதைச் சுத்தி பட்டை பட்டையா தைச்சுக்கிட்டே போவாங்க, அடுத்தடுத்து இருக்கற ரெண்டு பக்கம் வெளுப்பு, மீதி ரெண்டு பக்கம் அடர்த்தி. பிளாக் ஒண்ணு தான், ஆனா அதைத் திருப்பி வைக்கற விதத்துல உழுத வயல் மாதிரி கோடு கோடாவும் வரும், நடுவுல இருந்து விரியற வைரமாவும் வரும். அந்தப் பட்டைங்க எந்தக் கலரா வேணா இருக்கலாம், வீட்ல இருக்கற எல்லா பிட்டும் அதுல போகும், ஆனா வெளுப்பு பக்கத்துல வெளுப்பும் அடர்த்தி பக்கத்துல அடர்த்தியும் இருந்தா டிசைன் நிக்கும். இது புரிஞ்சா பாதி குவில்ட் புரிஞ்ச மாதிரி.

அடுத்து துணியைப் பிரிக்கறது. வீட்ல இருக்கற எல்லா காட்டன் பிட்டையும் எடுத்து தரைல போட்டு மூணு குவியலா பிரிங்க, வெளுப்பு, நடு, அடர்த்தி. கண்ணுக்குத் தெரியலன்னா போன்ல போட்டோ எடுத்து கருப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. இங்க தான் நிறைய பேருக்கு ஷாக். அரக்கும் பாட்டில் கிரீனும் நேர்ல பாத்தா அடிச்சுக்கற கலர், அதே ரெண்டும் கருப்பு வெள்ளைல கிட்டத்தட்ட ஒரே சாம்பல். அப்ப அந்த ரெண்டையும் மட்டும் வெச்சு நட்சத்திரம் தைச்சா பக்கத்துல நின்னா தெரியும், ரூமோட அந்தப் பக்கத்துல இருந்து பாத்தா நட்சத்திரம் எங்கன்னு தேடணும். அரக்கு கூட மாம்பழ மஞ்சள் வெச்சா கண்ணை மூடிட்டு சொல்லலாம், நல்லா எடுக்கும். நடு குவியல்ல இருக்கற துணி ஒரு பச்சோந்தி, வெள்ளை பக்கத்துல வெச்சா அடர்த்தியாத் தெரியும், கருநீலம் பக்கத்துல வெச்சா வெளுப்பாத் தெரியும், அதனால அதைத் தனியா முடிவு பண்ணாம எப்பவும் பக்கத்துத் துணி கூட வெச்சு தான் பாக்கணும். பொதுவா நம்ம வீட்டு மூட்டைல நடுவும் அடர்த்தியும் எக்கச்சக்கமா இருக்கும், வெளுப்பு தான் இருக்காது, அழுக்காகும்னு நாம வாங்கறதே இல்லையே. அதனால கடைக்குப் போனா முதல்ல க்ரீம், சந்தனம், வெளிர் மஞ்சள், இளம் ரோஸ்னு அந்தப் பக்கம் பாருங்க.

இப்ப தான் கலர். கலர் வீல் படத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி வெச்சுக்கறதை நான் தப்புன்னு சொல்லல, ஆனா அம்மாவோட பீரோவைத் திறந்தா அதை விட நல்ல பாடம் இருக்கு. காஞ்சிபுரம் கோர்வைப் புடவைல உடல் ஒரு கலர், பார்டர் அதுக்கு நேர் எதிர் கலர், ரெண்டையும் தறிலயே கோர்த்து நெய்வாங்க. மயில் கழுத்துக்கு அரக்கு, கிளிப்பச்சைக்கு ராணி பிங்க், எம்.எஸ். ப்ளூவுக்கு மெரூன், மஞ்சளுக்கு கருநீலம். ஒரு கலரைப் போட்டு அதுக்கு எதிர் கலரை எவ்வளவு வைக்கறதுன்னு யோசிச்சவங்க அவங்க. உடல் நிறைய, பார்டர் கொஞ்சம், நடுவுல ஜரிகை துளி. குவில்ட்லயும் அதே கணக்கு தான் வேலை செய்யும், ஒரு கலர் ராஜா, ஒண்ணு அதுக்குப் பக்கத்துல, ஒண்ணு அங்கங்க பொட்டு வெச்ச மாதிரி. மூணும் சரி சமமா இருந்தா கண்ணு எங்க போறதுன்னு தெரியாம அலையும். கர்நாடகத்தோட இல்கல் புடவை பாத்திருப்பீங்க, முந்தானைல அடர் சிவப்புக்கு நடுவுல வெள்ளை பல்லு பல்லா வரும், அந்த வெள்ளை கொஞ்சூண்டு தான், ஆனா தூரத்துல இருந்து முதல்ல தெரியறது அது தான். செட்டிநாடு காட்டன்ல கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கருப்பு, பெரிய கட்டம். பழைய புடவை கிழிஞ்சிருந்தா அதையே வெட்டி உபயோகிக்கலாம், காட்டனா இருந்தா மட்டும். பட்டுத் துணியை முதல் குவில்ட்ல கலக்காதீங்க, வழுக்கும், துவைக்கறதும் தனிக்கதை.

புடவை பாக்க போர் அடிச்சா கே.ஆர். மார்க்கெட். விடியக்காலைல போய் கட்டடத்து மாடில இருந்து கீழ எட்டிப் பாருங்க, குவியல் குவியலா செவ்வந்தி மஞ்சள், வெள்ளை, ரோஜா, கனகாம்பரத்தோட அந்த ஆரஞ்சு, நடுநடுவுல மரிக்கொழுந்துப் பச்சை, அடில நீல பிளாஸ்டிக் ஷீட்டு. அந்த நீல ஷீட்டை எடுத்துட்டுப் பாத்தா பூவோட கலர் பாதி டல் ஆயிடும், அவ்வளவு வேலை செய்யுது அது. ஒரு போட்டோ எடுத்து வீட்ல பெருசு பண்ணி, எந்தக் கலர் எவ்வளவு பங்கு இருக்குன்னு எழுதுங்க, நாலு கலர், அஞ்சு கலர் போதும், அது தான் உங்க முதல் குவில்ட்டோட கலர் லிஸ்ட். ரோட்டோர மரமும் அப்படித்தான், வருஷ ஆரம்பத்துல டபேபுயா பிங்க், அதைத் தொடர்ந்து ஜகரண்டா ஊதா, வெயில் ஏறினதும் குல்மோஹர் சிவப்பு. பிங்க் பூவை மட்டும் எடுக்காம பின்னாடி இருக்கற சாம்பல் கிளை, கீழ இருக்கற தார் ரோடு, அதையும் லிஸ்ட்ல சேருங்க. டல் கலர் இல்லாத குவில்ட் கத்தும்.

இன்னொரு இடம், வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற மேட்சிங் சென்டர். ப்ளவுஸ் துணிக்கும் லைனிங்குக்கும் பாருங்க, சுவர் பூரா தரைல இருந்து கூரை வரைக்கும் ஷேடு வரிசையா அடுக்கி வெச்சிருப்பான், பச்சைலயே எத்தனை பச்சை. காசு குடுத்து எந்த கிளாஸ் போனாலும் இந்த மாதிரி ஒரு சார்ட் காட்ட மாட்டாங்க. நீங்க ராஜா கலர்னு முடிவு பண்ணின துணியோட ஒரு பிட்டைக் கைல கொண்டு போங்க, கடை அண்ணன் வழக்கப்படி அதே ஷேடை எடுத்துப் போடுவாரு. "அண்ணா, அச்சா அதே மாதிரி வேணாம், இதுக்கு ரெண்டு ஷேடு கம்மி ஒண்ணு, ரெண்டு ஷேடு டார்க் ஒண்ணு காட்டுங்க"ன்னு கேளுங்க. ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல. கேக்கும்போது லைனிங் துணி மாதிரி மெல்லிசா இருக்கறதை விட்டுட்டு பாப்லின், கேம்ப்ரிக் மாதிரி கொஞ்சம் கனமான காட்டனா கேளுங்க. டியூப் லைட்டுல பாத்து முடிவு பண்ணாதீங்க, துணியை எடுத்துட்டு வாசல் வெளிச்சத்துக்கு வாங்க. எந்தக் கடைக்காரரும் அதுக்குக் கோச்சுக்க மாட்டாரு, புடவை வாங்கறவங்க எல்லாரும் பண்றது தானே.

பிரிண்ட் துணிக்கு சிக்பேட்டை, பச்சை லைன் மெட்ரோல நேரா இறங்கலாம். அங்க போறதுக்கு முன்னாடி ஒரு போஸ்ட் கார்டு சைஸ் அட்டைல ரெண்டரை இன்ச் சதுரமா ஓட்டை வெட்டி பைல போட்டுக்கங்க. பெரிய பூ போட்ட துணி தான்ல பாக்க அள்ளிட்டுப் போகும், அதை ரெண்டரை இன்ச்சா வெட்டினா ஒரு துண்டுல இதழ் பாதி, இன்னொரு துண்டுல வெறும் பச்சை, இன்னொண்ணுல ஒண்ணுமே இல்லாத க்ரீம். அட்டையைத் துணி மேல நகர்த்திப் பாத்தா வெட்டினா எப்படி இருக்கும்னு அங்கயே தெரிஞ்சிடும். பெரிய பிரிண்ட் ஒண்ணு, பொடி பிரிண்ட் ஒண்ணு ரெண்டு, மீதி ப்ளெயினோ சின்னக் கட்டமோ கோடோ, இப்படிக் கலந்தா நல்லா இருக்கும். எல்லாமே பூ பூவா எடுத்தா பெட்ஷீட் விக்கற கடை மாதிரி ஆயிடும். சில மில் பிரிண்ட் துணியோட கரைல வட்ட வட்டமா கலர் புள்ளி அச்சடிச்சிருக்கும், அந்தத் துணில எந்தெந்த மை போயிருக்குன்னு அது காட்டும், கலர் செலக்ட் பண்ண சிரமப்படறவங்க கண்ணை மூடிட்டு அந்தப் புள்ளிங்களுக்கு மேட்ச் ஆகற ப்ளெயின் துணி எடுத்துடலாம், சொதப்பாது. தெருவுல இருக்கற டெய்லர் அக்காகிட்டயும் சொல்லி வைங்க, ப்ளவுஸ் வெட்டின மிச்சம் மூட்டையா வரும், அதுல நாமளே காசு குடுத்து வாங்க மாட்டோம்னு நினைக்கற கலர் ஒண்ணு ரெண்டு இருக்கும், அது தான் குவில்ட்டைத் தூக்கி நிறுத்தும்.

நம்ம மாநிலத்துலயே, அதாவது இப்ப இருக்கற கர்நாடகத்துல, பாக்க வேண்டிய கைவேலை ரெண்டு இருக்கு. வட கர்நாடகப் பக்கம் பழைய புடவையை அடுக்கி ஓட்டுத்தையல்ல தைக்கற கவுதி, அப்புறம் உத்தர கன்னட மாவட்டத்துல எல்லாபூர், ஹளியாள் பக்கம் இருக்கற சித்தி பெண்கள் தைக்கற கவந்தி. ஆப்பிரிக்காவுல இருந்து வந்து பல தலைமுறையா இங்க இருக்கற ஜனங்க அவங்க. கவந்திக்கு பேட்டர்னும் கிடையாது, ஸ்கேலும் கிடையாது. ஒரு மூலைல ஆரம்பிச்சு ஓரமா துணித்துண்டை வெச்சுத் தைச்சுக்கிட்டே சுத்தி வந்து நடுவுல முடிப்பாங்க, நாலு மூலைலயும் முக்கோணமா மடிச்ச துணி வெச்சு அதுக்கு பூலான்னு பேரு, பூன்னு அர்த்தம், அது இல்லாத கவந்தி அவங்களுக்கு முழுமை இல்ல. அங்க கலர் எப்படி வருதுன்னு கவனிங்க. கைல இருக்கற துணி தான் கலர் லிஸ்ட், ஆனா ஒரு சிவப்பு இங்க வந்தா எதிர்ப்பக்கமும் ஒரு சிவப்பு எங்கயாவது வந்துடும். அமெரிக்கால அலபாமாவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர், அங்க கருப்பினப் பெண்கள் வயக்காட்டு வேலைக்குப் போட்ட பேண்ட்டு சட்டையைக் கிழிச்சு தைச்ச குவில்ட்டுங்க 2002ல நியூயார்க் விட்னி மியூசியத்துல தொங்கிச்சு, 2006ல ஸ்டாம்பாவும் வந்துச்சு. சாயம் போன நீலமும் பழுப்பும் தான் அதுல நிறைய. துணி கம்மியா இருக்கேன்னு கவலைப்படறவங்க கவந்தியையும் ஜீஸ் பெண்ட் குவில்ட்டையும் தேடிப் பாக்கணும். பாத்துட்டு அப்படியே காப்பி அடிச்சு உங்க பேர் போட்டு விக்காதீங்க, அது அவங்க சோறு. லாக் கேபின் மாதிரி ஊருக்குப் பொதுவான பழைய பேட்டர்னை யார் வேணா தைக்கலாம், இன்னைக்கு ஒருத்தர் உக்காந்து வரைஞ்சு விக்கற பேட்டர்ன்னா காசு குடுத்து வாங்கிடுங்க.

வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. துணி எல்லாத்தையும் துவைங்க, சிவப்பையும் கருநீலத்தையும் தனித்தனியா. ஈரமா இருக்கும்போதே வெள்ளைக் கர்ச்சீப்பால அழுத்தித் துடைச்சுப் பாருங்க, கறை வந்தா மறுபடி துவைங்க, நாலு தடவை துவைச்சும் விடுதுன்னா அந்தத் துணி எவ்வளவு அழகா இருந்தாலும் வெளுப்புப் பக்கத்துல வைக்காதீங்க. ரெண்டாவது, துணியை ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு மட்டும் வெட்டி கதவுலயோ சுவத்துலயோ பழைய ஃப்ளானல் பெட்ஷீட்டைக் கட்டி அதுல ஒட்டுங்க, காட்டன் துண்டு பின் இல்லாமலே ஒட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டு நாள் அப்படியே விடுங்க. காபி குடிக்கும்போது ஒரு தடவை, ராத்திரி லைட் போட்டதும் ஒரு தடவை பாருங்க. ஒரே ஒரு துண்டு திரும்பத் திரும்பக் கண்ணை இழுத்துச்சுன்னா அதை எடுத்துடணும், இல்ல அதே கலரை இன்னும் ரெண்டு இடத்துல வைக்கணும், தனியா ஒண்ணா மட்டும் விடக்கூடாது.

சைஸ் விஷயத்துல ஆசைப்படாதீங்க. டபுள் காட் குவில்ட் ஆரம்பிச்சு பரண்ல தூங்கற கதை நிறைய. முதல்ல ஒன்பது கட்டம் பிளாக் தைங்க, ரெண்டரை இன்ச் சதுரமா வெட்டினா தைச்சு முடிச்சதும் ரெண்டு இன்ச் ஆகும், மூணுக்கு மூணு சேர்த்தா ஆறு இன்ச் பிளாக். அதுல எட்டு, ஆறரை இன்ச்சா வெட்டின ப்ளெயின் சதுரம் எட்டு, செஸ் போர்டு மாதிரி மாத்தி மாத்தி வெச்சா ரெண்டடிக்கு ரெண்டடி வரும். அடர்த்தி அரை மீட்டர், வெளுப்பு அரை மீட்டர், ப்ளெயின் சதுரத்துக்கு நடு ஷேடு அரை மீட்டர், தாராளம். அதுக்கு அப்புறம் அந்த பதினாறு கட்ட நட்சத்திரத்துக்குப் போங்க. அதுல வர முக்கோணத்தை முக்கோணமா வெட்டித் தைக்காதீங்க, ஓரம் இழுத்துக்கும். மூணு இன்ச் கட்டம் வேணும்னா வெளுப்புல நாலு இன்ச் சதுரம் ஒண்ணு, அடர்த்தில ஒண்ணு, நல்ல பக்கம் உள்ள வர மாதிரி சேர்த்து வெச்சு, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தைச்சு, கோட்டு மேல வெட்டிடுங்க, ரெண்டு கட்டம் ரெடி, மூணரை இன்ச்சுக்கு ட்ரிம் பண்ணிக்கங்க.

உள்ள பஞ்சு வைக்கறது பத்தி இங்க விலாவாரியா எழுதல, பெங்களூர் குளிருக்கு மெல்லிசா ஒரு காட்டன் பேட்டிங்கோ பழைய ஃப்ளானலோ போதும். கடைசியா மிஞ்சறது நூலும் பைண்டிங்கும், அதாவது குவில்ட் ஓரத்தைச் சுத்தி மூடித் தைக்கற பட்டி. ஒவ்வொரு கலருக்கும் ஒரு நூல் வாங்க வேணாம், துண்டுகளைச் சேர்க்க நடுத்தரமான சாம்பல் நூல் ஒண்ணு வாங்கினா வெளுப்புலயும் அடர்த்திலயும் தெரியாமப் போயிடும். பைண்டிங் பட்டிக்கு மட்டும் துணியை முதல்லயே எடுத்து வெச்சுக்காதீங்க, மேல் பாகம் தைச்சு முடிச்சப்புறம் அதை கீழ விரிச்சு, மிச்சத்துல இருக்கற அடர் கலரை எல்லாம் ஓரத்துல ஒவ்வொண்ணா வெச்சுப் பாத்துட்டு எடுங்க, முன்னாடி நினைச்ச கலர் தான் வரணும்னு இல்ல.